முதியோர் இல்லத்தில் திருநாளும் சும்மா நாளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஒரு முதியோர் இல்லத்தில் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெற்றோரைச் சேர்க்க வருபவர்கள், திவசச் சாப்பாடு கொடுக்க வருபவர்கள், கனடாவிலிருந்து கோல் எடுப்பவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். வேறு இல்லங்களில் நடைமுறை வேறாக இருக்கலாம். சேர்க்க முன் அங்கேயும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

"பகல் முழுக்க என்ன செய்வாங்க? ரீவி பார்த்துக்கொண்டே இருப்பாங்களா?"

ரீவி ஓடும், இல்லை என்று சொல்லமாட்டேன். பின்னேர நாடகத்துக்கு முன்வரிசைக் கதிரைக்குப் போட்டியே இருக்கிறது. ஆனால் விடிய ஐந்து மணிக்கே பாதிப் பேர் எழும்பிவிடுகிற இடத்தில் ரீவியை வைத்து ஒரு நாளை ஓட்ட முடியாது. பிளேன்ரீ, சாமி கும்பிடல், காலைச் சாப்பாடு எல்லாம் முடிந்ததும் மரக்கறி மேசை கூடும். பயிற்றங்காய் முறிப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் அங்கேதான். ஊர்க்கதையும் அங்கேதான்.

பத்து மணிக்குப் பேப்பர். கண் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிப்பார். முதலில் மரண அறிவித்தல், பிறகுதான் அரசியல். மத்தியானம் நித்திரை. பின்னேரம் ஆண்கள் பக்கத்தில் 304 சீட்டாட்டம், பெண்கள் பக்கத்தில் தாயம். 304-இல் காசு வைக்கக் கூடாது என்பது சட்டம். புளியங்கொட்டை வைக்கிறார்கள்.

"வருஷத்தில் என்னென்ன கொண்டாடுவீங்க?"

தைப்பொங்கல், சிவராத்திரி, சித்திரை வருஷம், வெசாக், ஆடிப்பிறப்பு, ஆவணிச் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவெம்பாவை, நத்தார். நோன்பும் பெருநாளும் ஒவ்வொரு வருஷமும் பதினொரு நாள் அளவில் முன்னுக்கு வரும். இந்தப் பட்டியலைச் சொன்னால் "அவ்வளவுமா!" என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேடை கட்டுவதில்லை. ஆடிப்பிறப்பு என்றால் கூழும் கொழுக்கட்டையும்தான். அதுவே போதும்.

திருகோணமலைக்கென்று உள்ளது நவராத்திரிக் கும்பம். தெருவுக்குத் தெரு கும்பம் வைத்து, கடைசி இரவில் ஊர்வலமாக எடுத்து வருவார்கள். அந்த உடுக்குச் சத்தம் மூலைக்கு வந்தால் காது கேளாத ஆட்களும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் எட்டு மணிக்குப் படுக்கை என்ற ஒழுங்கை நாங்கள் மறந்துவிடுவோம். கதிரைகளை மதிலோரம் போட்டு, கையோடு சால்வையும் நுளம்புத் திரியும் வைப்போம். மறுநாள் மத்தியானம் வரை ஒரே நித்திரைதான், பரவாயில்லை.

"கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போவீங்களா?"

போவோம், ஆனால் திருவிழா நாளில் அல்ல. சுவாமிமலைக்கு ஏறும் வழி நோகும் முழங்காலுக்கு லேசில்லை. கூட்டத்தில் வீல்செயாரைத் தள்ளவும் ஏலாது. சாதாரணக் கிழமைநாளில், வெயில் ஏற முன், ஒரு ஓட்டோவுக்கு இருவரும் ஒரு உதவியாளரும் என்று போவோம். திரும்பி வரும்போது பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைப் பார்க்க நிற்க வேண்டும். அது எழுதப்படாத சட்டம். சுவாமியை விட மானைப் பற்றித்தான் வந்து அதிகம் கதைப்பார்கள்.

எழும்பி நடக்க முடியாதவர்களுக்குச் சிவராத்திரியை அடுத்த நாட்கள்தான் பெரிய நாட்கள். அப்போது கோணேசர் நகர்வலம் வருவார். சுவாமி வரும் வீதியில் வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைப்பது வழக்கம். எங்களுடையதை வைப்பது யார் என்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே கதை தொடங்கிவிடும். மாவிலை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், தேங்காயின் குடுமி எந்தப் பக்கம், குத்துவிளக்கு எங்கே என்று கட்டிலில் இருந்தபடியே கட்டளை போடும் ஆச்சிமார் இருக்கிறார்கள்.

"மழைக்காலத்தில் அடைபட்டுக் கிடப்பாங்களே?"

உண்மை. ஐப்பசியிலிருந்து தை வரை இங்கே மழைதான். முற்றம் சேறாகும், கரண்ட் போகும், மூட்டு நோகும், மீன் விலை ஏறும். கை வேலைகளை அந்த மாதங்களுக்கென்றே ஒதுக்கி வைக்கிறோம். விளக்கீட்டுக்குத் திரி திரிப்பது அதில் முக்கியம். பஞ்சைக் கையால் உருட்டித் திரித்துக் கட்டுக்கட்டாகக் கோயிலுக்குக் கொடுப்போம். விரல் மடங்காதவர்கள் எண்ணிக் கட்டுவார்கள்.

தோட்டத்தில் நிற்கும் தண்ணீரைக் கவிழ்ப்பதும் ஒரு வேலை. டெங்கு நுளம்பு பெரும்பாலும் இப்படித் தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய வாளி என்று ஞாயிறு காலையில் பொல்லை ஊன்றிக்கொண்டு சுற்றிப் பார்த்துச் சொல்ல ஒரு ஐயா இருக்கிறார். முன்பு சுகாதாரப் பகுதியில் வேலை செய்தவர். எங்கள் ஆட்கள் குனிந்து கவிழ்ப்பார்கள். குனிவது அவருக்குக் கூடாது.

"கடற்கரை பக்கத்திலதானே, கூட்டிப் போக ஏலாதா?"

சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை கடல் அமைதி. அந்த மாதங்களில் பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் டச்சுபே பக்கம் போவோம். வீல்செயார் சில்லு மணலில் புதையும். அதனால் இரண்டு பலகை கொண்டு போவோம். ஒன்றின் மேல் உருட்டி நிறுத்திவிட்டு, பின்னுக்குக் கிடக்கும் மற்றதை எடுத்து முன்னுக்குப் போடுவது. மெதுவாகத்தான் போகும். ஆனால் அலை கால் நனைக்கும் இடம் வரை போகலாம்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு வருஷத்தில் ஒரு பயணம் கட்டாயம். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. கால் நோவுக்கு நல்லது என்று எல்லோரும் நம்புகிறார்கள். குறைந்தபட்சம் இதமாக இருக்கும். தரை வழுக்கும். ஆகவே யாரையும் கிணற்றடியில் நிற்க வைப்பதில்லை, பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி வாளியால் ஊற்றுவோம். சீனி வருத்தத்தால் பாதம் விறைத்தவர்களுக்குச் சூடு உறைக்காது. அவர்களுக்கு ஊற்ற முன் உதவியாளர் தன் கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம். பொங்கல் கொடுக்கலாமா?"

ஒரேயடியாக மறித்தால் அடுத்தவர் கோப்பையில் கை வைப்பார்கள். அனுபவம். நாங்கள் செய்வது, பொங்கலைச் சாப்பாட்டுக்கு மேலதிகமாகக் கொடுக்காமல், சாப்பாட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கொடுப்பது. சின்னக் கோப்பையில் இரண்டு மூன்று கரண்டி, காலைப் பாணில் ஒரு துண்டு குறைவு. சர்க்கரை, பனங்கட்டி, வெல்லம் எதுவானாலும் இரத்தத்தில் சீனிதான். "பனங்கட்டி ஒன்றும் செய்யாது" என்று சொல்லி யாராவது ஒரு சிரட்டைக் கூழ் நீட்டினால் தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு என்பதைக் கிளினிக் கொப்பியைப் பார்த்து மிஸ்ஸிதான் (தாதி) முடிவு செய்வார்.

இனிப்பை விட எனக்குப் பயம் கொழுக்கட்டையில். பாரிசவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுபவர்களுக்கு ஒட்டுகிற மா தொண்டையில் நிற்கும். கூழில் போடும் தேங்காய்ச் சொட்டும் அப்படித்தான். அவர்களுக்குச் சொட்டு போட முன்பே வேறாக எடுத்து, வடித்து, நிமிர்த்தி இருத்திக் கொடுப்போம்.

"விரதம் பிடிக்க விடுவீங்களா?"

ஐம்பது வருஷம் கந்தசஷ்டி பிடித்தவரிடம் "இனி வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. இன்சுலின் போடுபவர், கிளிக்கிளசைட் போன்ற சீனிக் குளிசை எடுப்பவர் பட்டினி கிடந்தால் சீனி சடாரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். வயதானவர்களில் அந்தத் தடுமாற்றத்தை மறதி என்று நினைத்து விட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே விரதம் தொடங்க முன் டொக்டரிடம் கேட்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றலாமா என்று பார்ப்போம். அவர் கூடாது என்றால் கூடாது.

அப்படி மறிக்கப்பட்டவர்கள் பால் பழம், ஒருநேர மரக்கறிச் சாப்பாடு என்று குறைத்துக்கொள்வார்கள். ஆறு நாளும் கவசம் படிப்பார்கள். சிலருக்குப் பெரிய ஐயர் சொன்னால்தான் மனம் ஆறும். அவரைக் கூப்பிட்டுச் சொல்லவும் வைத்திருக்கிறோம். நோன்பு பிடிக்கும் முஸ்லிம் ஐயாவுக்கும் இதே ஒழுங்குதான். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்பதைப் பள்ளிவாசல் மௌலவி வந்து சொன்னபோது அவர் எங்களோடு சண்டை பிடிப்பதை நிறுத்தினார்.

"எங்கட அம்மா சைவம். மச்சம் சமைக்கிற சட்டியிலயா சமைப்பீங்க?"

இல்லை. சட்டி, அகப்பை, வெட்டும் பலகை எல்லாம் வேறு. வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் முழு இல்லத்துக்கும் மரக்கறி.

"இந்துக்கள் மட்டும்தானா? மற்றச் சமயத்து ஆட்கள் தனிச்சுப் போவாங்களே?"

திருகோணமலையில் அப்படி ஒரு இடம் நடத்துவது கஷ்டம், ஊரே கலந்துதான் இருக்கிறது. நத்தாருக்குக் கரோல் பாட வருவார்கள், நோன்பு மாதத்தில் அயலில் இருந்து கஞ்சி வரும், வெசாக்குக்கு வெளிச்சக்கூடு கட்டுவோம். மூங்கில் பிளந்து கூடு கட்டத் தெரிந்தவர் எங்களிடம் ஒரே ஒரு சிங்கள ஐயா. தமிழ் ஐயாமார் அவருக்குக் கீழே கூலி வேலை செய்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். உங்கள் பெற்றோர் என்ன சமயம் என்பதோடு நிற்காமல், எதில் கலந்துகொள்ள மனமில்லை என்பதையும் சேர்க்கும்போதே சொல்லுங்கள். திருநீறு பூச வேண்டாம் என்பவருக்குப் பூசாமல் விடுவது எங்களுக்குச் சின்ன வேலை, அவருக்குப் பெரிய விஷயம்.

"அப்பா ஒன்றிலும் கலந்துகொள்ளமாட்டேன் என்கிறார். கொஞ்சம் கட்டாயப்படுத்துங்களேன்?"

கட்டாயப்படுத்தமாட்டோம். ஆனால் ஏன் வரவில்லை என்று பார்ப்போம். என் கணிப்பில் பாதிப் பேர் வராததற்குக் காரணம், அவர்களைப் பார்வையாளராகக் கூப்பிடுவதுதான். முன்வரிசையில் இருத்தி, மாலை போட்டு, கை தட்டச் சொன்னால் மானமுள்ள மனுஷன் எப்படி வருவார்? அவர் வாழ்நாள் முழுக்கத் திருவிழாவில் பந்தல் போட்டவராக இருப்பார்.

சித்திரை வருஷப் பலகாரம் சுடும்போது ஒரு ஆச்சி அறையை விட்டு வரவே இல்லை. மூன்று தரம் கூப்பிட்டோம். நாலாவது தரம் கூப்பிடவில்லை. முறுக்கு மா பிழைத்துப் போய், உரலில் பிழியப் பிழிய அறுந்தது. அதை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தோம். விரலால் தொட்டுப் பார்த்தார். "ஆர் இதைக் குழைச்சது?" என்று கேட்டபடி எழும்பி வந்தவர் கடைசி முறுக்கு வேகும்வரை அடுப்படியை விடவில்லை. அப்பா என்ன தொழில் செய்தார், எதில் கெட்டிக்காரர், எதைப் பிறர் பிழையாகச் செய்தால் கோபம் வரும் என்று எங்களுக்கு எழுதித் தாருங்கள். மூன்றாவதுதான் அதிகம் உதவும்.

"பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?"

வாருங்கள், ஆனால் ஒக்டோபர் 1 வேண்டாம். ஐ.நா. 1990-இல் அந்த நாளைச் சர்வதேச முதியோர் தினமாக அறிவித்தது. அன்றைக்கு எங்கள் வாசலில் வான் நிறுத்த இடம் இருக்காது. ஒரே நாளில் மூன்று குழு, மூன்று கேக், மூன்று தரம் அதே பாட்டு. மாசி மாதத்தில் ஒரு ஈ காக்கை வராது. அப்போது வாருங்கள்.

பாடி ஆடிவிட்டுப் போவதை விட ஏதாவது கற்றுக்கொண்டு போகட்டும். ஓலை பின்னுவது, தாயம், பட்டம் கட்டுவது, எதுவும் நல்லது. ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கு. தடிமன், காய்ச்சல் உள்ள பிள்ளையைத் தயவுசெய்து வீட்டில் விட்டு வாருங்கள்.

"வெளிநாட்டில இருக்கிறம், திருநாளுக்கு வர ஏலாது. என்ன செய்யலாம்?"

வீடியோ கோல் எடுங்கள், நேரம் பார்த்து. ரொறன்ரோவில் நீங்கள் வேலை முடிந்து எடுக்கும் இரவு எட்டு மணி, இங்கே தை மாதத்தில் மறுநாள் காலை ஆறரை. அது நல்ல நேரம். லண்டனில் இரவு எட்டு என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அது பெறாமக்களுக்கு மட்டும் பொருந்தும். அம்மாவுக்குப் பொருந்தாது. பொங்கலன்று காலை எல்லோரும் ஒரே நேரத்தில் எடுப்பதால் எங்களிடம் உள்ள இரண்டு ஃபோனும் சூடேறிவிடும். முதல் கிழமையே நேரம் பதிந்து வையுங்கள்.

"சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்று முடிந்துவிடும். அதற்குப் பதில் பயற்றம் பணியாரத்துக்குப் பாகு எந்தப் பதம் என்று கேளுங்கள். மேலே சொன்ன முறுக்குக் கதைதான் இங்கேயும்.

"திவசத்துக்குச் சாப்பாடு கொடுக்க வேணும். எப்படி?"

திகதியை முன்கூட்டிப் பதிய வேண்டும். ஆடி அமாவாசை, சித்திரா பௌர்ணமி போன்ற நாட்களுக்கு இடம் கெதியாக நிரம்பிவிடும். சமைத்துக் கொண்டு வருவதை விட, காசையோ சாமானையோ தந்து எங்கள் அடுப்பில் சமைக்க விடுவது நல்லது. உப்பு, உறைப்பு, விழுங்கும் பிரச்சினை எல்லாம் எங்களுக்குத் தெரியும், சீனிக் கணக்கும் மேலே சொன்னபடி பார்ப்போம். பாயாசம் இரண்டு வகை வேண்டாம்.

பரிமாறிவிட்டு ஓடாமல் நீங்களும் இருந்து சாப்பிடுங்கள். இறந்தவர் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று கட்டாயம் கேட்பார்கள். பல தடவை யாருக்காவது தெரிந்தவராகத்தான் இருப்பார்.

"படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடலாமா?"

சாப்பாட்டுக் கோப்பையை நீட்டும் படம் கூடாது. முகம் தெரியும் படத்துக்கு அந்த ஆளிடமே கேட்க வேண்டும், பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். இங்கே இருப்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. அது சரியா பிழையா என்பது எங்கள் வேலை இல்லை. பெரியவர் தானே சீவிச் சிங்காரித்து வந்து "என்னை எடு" என்றால், எடுத்து அவருக்கும் ஒரு பிரதி கழுவிக் கொடுங்கள்.

"அப்பாவுக்கு மறதி நோய். சித்திரை வருஷத்துக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?"

போகலாம், பெரும்பாலும் பகலுக்கு மட்டும். காலையில் கூட்டிப்போய், மருத்துநீர் வைத்து, கைவிசேஷம் கொடுத்து, மத்தியானச் சாப்பாடு முடித்து நான்கு மணிக்குள் கொண்டு வாருங்கள். பொழுது சாயும் நேரத்தில் இப்படியான பலருக்குத் தடுமாற்றம் கூடும். புது இடத்தில் இருட்டினால் "வீட்டுக்குப் போகவேணும்" என்று தொடங்குவார், அவர் நிற்பது அவருடைய சொந்த வீடாகவே இருந்தாலும். அப்போது "இதுதானே அப்பா வீடு" என்று வாதாடாதீர்கள். எந்த வீடு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கதை கேளுங்கள்.

வெடிச் சத்தம், இருபது பேர் ஒரே அறையில், "நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்" என்ற பரீட்சை, இந்த மூன்றும் வேண்டாம். மத்தியான மருந்தை நாங்கள் கட்டித் தருவோம். குளியலறைத் தரையை ஈரமில்லாமல் வையுங்கள். வருஷத்துக்குத் தலை முழுக வேண்டும் என்றால் இருத்தி வார்த்துவிடுங்கள்.

"இல்லத்தில் ஒருத்தர் செத்தால் பொங்கல் நடக்குமா? துடக்கு இல்லையா?"

துடக்கு இரத்த உறவுக்கு. கூட இருந்தவர்களுக்கு இல்லை. ஆகவே பானை வைக்கலாம், வைத்தும் இருக்கிறோம். ஆனால் பக்கத்துக் கட்டில் வெறுமையாகக் கிடக்கும்போது கோலப்போட்டியும் ஒலிபெருக்கியும் யாருக்கும் வேண்டியிருக்காது. அந்த வருஷம் ஒரு பானை, சூரியனுக்குப் படைத்தல், அவ்வளவோடு நிறுத்துவோம். முடிவை இறந்தவரின் அறைத்தோழரிடம் கேட்டுத்தான் எடுப்போம்.

இதில் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். உடலை நேரே ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறீர்கள். ஆறு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் முகம் பார்க்க அரை மணித்தியாலம் இங்கேயும் வையுங்கள். மறைத்துக் கொண்டு போனால் அவர்களுக்குத் தெரியாமல் போகாது. அன்று பின்னேரம் எல்லோரும் தங்கள் முறையை எண்ணத் தொடங்குவார்கள்.

இங்கே இருப்பவரின் சொந்தச் சகோதரம் யாழ்ப்பாணத்தில் இறந்தால் கதை வேறு. எத்தனை நாள் துடக்கு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், அவரையே கேட்போம். அந்தியேட்டி முடியும்வரை சாமி அறைக்கு வராமல் இருப்பார். ஆனால் மரக்கறி மேசைக்கு வருவார். அதற்குத் தடை சொல்ல யாரையும் விடமாட்டோம்.

"டிசம்பர் 26-இல் வரலாமா? எங்களுக்கு அன்றைக்குத்தான் லீவு."

நத்தாரின் மறுநாள் என்பதால் பல குழுக்கள் கேட்கின்றன. வேறு நாள் தருகிறோம். 2004-இல் கடல் கொண்டு போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். காலை 9.25-க்கு இரண்டு நிமிடம் எழும்பி நிற்போம், முடியாதவர்கள் இருந்தபடி. பிறகு சிலர் ஒன்றாக இருந்து கதைப்பார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கடற்கரைப் பக்கம் அன்று யாரையும் கூட்டிப் போவதில்லை. படிப்புக்காகப் பேட்டி எடுக்க வரும் பிள்ளைகளுக்கும் அன்று அனுமதி இல்லை.

"தீபாவளிக்கு வந்து போனோம். மறுநாள் அம்மா ஒரே அழுகையாம். இனி வராமல் விடுறது நல்லதா?"

இல்லை, வாருங்கள். மறுநாள் சோர்வு எல்லோருக்கும் வரும். வந்தவர்களின் அம்மாவுக்கும், யாருமே வராதவர்களுக்கும். அதனால் திருநாளுக்கு அடுத்த நாளை நாங்கள் சும்மா விடுவதில்லை. பித்தளை விளக்கு தேய்ப்பது, மிச்சப் பலகாரத்தை அயல் வீடுகளுக்குப் பிரித்துக் கட்டுவது என்று வேலையை அன்றைக்கென்றே மிச்சம் வைப்போம்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. கிளம்பும்போது "சும்மா ஒருக்கா வருவன்" என்று சொல்லாமல் திகதியைச் சொல்லி, கட்டில் தலைமாட்டில் உள்ள கலண்டரில் அம்மாவின் கையாலேயே குறிக்க வையுங்கள். அந்தத் திகதி மாறினால் முதல் நாளே எங்களுக்கு அறிவியுங்கள். மற்றது, குடும்பத்தில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் தீபாவளியன்று ஒன்றாக வராதீர்கள். ஒருவர் அன்றைக்கு, ஒருவர் அடுத்த ஞாயிறு, ஒருவர் மழை நடுவில். வரும்போது பிஸ்கட் பெட்டி வேண்டாம், அலுமாரி நிறைய இருக்கிறது. காது மெஷினுக்குப் பற்றரி கொண்டு வாருங்கள்.